எங்கள் அம்மா திரித்த பால்

அம்மாவின் முதலாண்டுத் திதிக்கு வந்திருக்கும் உற்றார் உறவினர்க்கும் நண்பர்களுக்கும் அம்மாவின் ஒரே மகள் வணக்கத்துடன் எழுதுவது. இந்த நினைவு மலரில் பால்கட்டிப் பேச்சு வேண்டாம் என்று சித்தப்பா சொல்லி அனுப்பினார். அதனாலேயே அதைத்தான் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது நெமிலிச்சேரி, வாழ்க்கைப்பட்டது காட்டுப்பாக்கம். அப்பா போனபோது நான் கைக்குழந்தை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் காரியம் முடிந்ததும் கை கழுவிப் போனார்கள். மிஞ்சியவை இரண்டு கறவை மாடுகள். காலைப் பாலைப் பூந்தமல்லியில் ஒரு துரை பங்களாவில் வாங்கிக்கொண்டார்கள். மாலைப் பாலைக் கேட்பாரில்லை. கோடையில் அது விடிவதற்குள் கெட்டுவிடும். பங்களாச் சமையல்காரர்தான் வழி சொன்னார்.

"சாயங்காலப் பால சீஸா பண்ணிக் குடும்மா. தொரசானி ஆசையா துண்ணும்."

துரைமார் ஊரில் கன்றுக்குட்டியின் இரைப்பையைப் போட்டுத்தான் பாலை உறைய வைப்பார்களாம். அதையும் அவரே சொன்னார். அம்மா காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"கன்னுக்குட்டிய கொன்னு செய்யற பண்டம் எனுக்கு வாணாம். எலுமிச்சம்பயம் கீது, அது போதும்."

சொன்னபடியே செய்தார்கள். பாலைக் காய்ச்சிச் சாறு பிழிவார்கள். திரிந்ததை வேட்டித் துணியில் மூட்டை கட்டிக் கொட்டகை விட்டத்தில் தொங்கவிடுவார்கள். நீர் வடிந்ததும் உப்புப் பிசறி அம்மிக்கல்லின் கீழே வைப்பார்கள். நல்ல பாலைத் திரிப்பது வீட்டுக்கு ஆகாது என்று அம்மாவுக்கும் தெரியும். என் பசிக்கு அந்தச் சாத்திரம் தெரியவில்லையே.

சமையல்காரர் கரையான்சாவடிக் கடைகளில் அளந்த இரைப்பைக் கதை என் அத்தை காதுக்கும் வந்திருந்தது. ஒருநாள் வேலியோரமாகப் போனவர் கொட்டகையில் நீர் சொட்டும் மூட்டையைப் பார்த்துவிட்டார். இது என்ன என்று அம்மாவைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஊரெல்லாம் சொல்ல மட்டும் வந்தது.

"அவ ஊட்ல கன்னுக்குட்டி இரைப்பைய கட்டித் தொங்க வுட்டுக்கீறாடி!"

அவிழ்த்துப் பார்க்க ஒருவரும் வரவில்லை. அந்த ஆடியிலேயே, மாரியம்மன் அபிஷேகத்துக்கு எங்கள் வீட்டுப் பால் வேண்டாம் என்றார் கோயில் பொறுப்பிலிருந்த சித்தப்பா. தலைமுறையாக எங்கள் வீட்டிலிருந்து போன பால் அது. சொந்த அண்ணனின் மனைவியை ஊர் வாயில் போட்டுவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

அம்மா சண்டை போடவில்லை. ஆடிதோறும் குளித்து, பால் கறந்து, குடத்தோடு கோயில் வாசல் வரை போவார்கள். அதே குடத்தோடு திரும்புவார்கள். 'பொறுமையின் சிகரம்' என்று இந்த மலரின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தச் சிகரத்தில் அம்மாவை ஏற்றிவிட்டவர்கள் யார் என்றும் போட்டிருக்கலாம்.

சென்ற ஆண்டு ஆடியில் அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. குடத்தை நான் கொண்டுபோனேன். சித்தப்பா வாசலிலேயே மறித்தார்.

"இன்னாம்மா, எத்தினி தபா சொல்றது? எட்த்துகினு போ."

"அம்மா பொழைக்காது போலக்கீது சித்தப்பா. ஒரு சொட்டாவது ஊத்துங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நிறைகுடத்தோடு நான் வந்து நின்றதைப் பார்த்ததும் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்கள். "எலுமிச்சம்பயம் கீதா பாரு. பால வீணாக்காத" என்றார்கள். அதன்பிறகு அவர்கள் பேசவில்லை. இரண்டாம் நாள் உயிர் பிரிந்தது.

படுக்கையில் கிடந்த அம்மாவைக் கழுவித் துடைத்த கரையான்சாவடி மாதா கோயில் வேதக்கார அக்காவுக்கும், மாடுகளைப் பார்த்துக்கொண்ட அவர் வீட்டுக்காரருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உறவிலும் யாருக்காவது நன்றி சொல்ல ஆசைப்பட்டேன். ஆள் கிடைக்கவில்லை.

இன்று படையல் இலையில் சோறு, குழம்போடு பால்கட்டியும் இருக்கும். பாலும் எலுமிச்சையும் உப்பும் தவிர அதில் ஒன்றுமில்லை, நானே செய்தேன். அதில் ஒரு துண்டு வாயில் போடுகிறவர்கள் அம்மாவின் படத்துக்கு மாலை போடலாம். மற்றவர்கள் மாலையைத் திரும்ப எடுத்துப் போங்கள். சித்தப்பா, முதல் துண்டு உங்களுக்குத்தான்.