காற்று எந்தப் பக்கம்

அப்பா பிள்ளைகளுக்கு விட்டுப்போனது ஒரு வீடும் ஒரு காரும். வீட்டை நடுவே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். காரை எப்படிப் பிரிப்பது? மூத்தவன் வெல்டர், வெட்டச் சொன்னால் அதையும் வெட்டித் தந்திருப்பான். கடைசியில், சொந்தம் இருவருக்கும், ஓட்டுவது தங்கை என்று பேசி முடித்தார்கள்.

தங்கையைத் தெருவே டிரைவரக்கா என்றுதான் கூப்பிட்டது. அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். அப்பா வழியில் ஓர் அத்தையைத் தவிர அந்தக் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. அந்த அத்தையும் முதல் நாளே விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டதோடு சரி. இவளோ காலையில் பள்ளிப் பிள்ளைகளையும் அதற்குப் பிறகு மருத்துவமனைக்குப் போகும் வயதானவர்களையும் ஏற்றி இறக்கினாள். புருஷன் தையல்காரர். வாசல் அறையில் மெஷின் போட்டிருந்தார். வீட்டில் அவர் பேசுவதைவிட மெஷின் பேசுவதுதான் அதிகம்.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியதும் கார் நடுத்தெருவில் ஆவி கக்கத் தொடங்கியது. முதலில் ஒரு சிக்னலில். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தன. பிறகு மருத்துவமனை வாசலில், வண்டிகள் வரிசை கட்டி நின்றபோது. ஏறியிருந்த பெரியவரைத் தோளில் சாய்த்து உள்ளே நடத்திக் கொண்டுபோய் விட்டாள். அதன் பிறகு பள்ளிக்கூட வாசலில், தாய்மார்கள் அத்தனை பேர் கண்ணெதிரே. மறுநாள் ஒரு வீட்டில், "கொஞ்ச நாளைக்கு நாங்களே கொண்டுபோய் விட்டுக்கறோம்க்கா" என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியாதா?

அன்று மாலை அண்ணன் வந்து நின்றான். "இன்ஜின் போச்சு. பழைய வண்டி வாங்குறவர் நாளைக்குச் சாயங்காலம் வர்றார். தள்ளிவிட்டுடலாம்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"பாதி வண்டி என்னோடது."

"எந்தப் பாதி? ஓடுற பாதியா, கொதிக்கிற பாதியா?"

அண்ணி களுக்கென்று சிரித்துவிட்டு, புருஷன் முறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவர் வர்றதுக்குள்ள சரி பண்ணிக் காட்டறேன். முடியலைன்னா சாவியை நானே அவர் கையில குடுக்கறேன்" என்றாள் தங்கை.

மெக்கானிக்கிடம் போனால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரம் வண்டி யார் வீட்டு வாசலில் நிற்குமோ! விடிந்ததும் அவளே இறங்கிவிட்டாள்.

இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்தாள். தண்ணீர் நிறைந்திருந்தது. எங்கும் ஒழுகவில்லை. ஆயில் கம்பியை உருவித் துணியில் துடைத்தாள். ஆயிலில் தண்ணீர் கலந்தால் தயிர்போல வெளுக்கும். இது சுத்தமாக இருந்தது. வண்டியைக் கிளப்பிப் பார்த்தாள். தண்ணீரில் குமிழியும் இல்லை, புகையில் வெள்ளையும் இல்லை. "இன்ஜின் போகலை" என்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி சொன்னாள்.

பிறகு தண்ணீரை வடித்துவிட்டுத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினாள். சூடு ஏறினால் தண்ணீருக்கு வழிவிடும் சின்ன வால்வு அது. அடைத்துக்கொண்டால் இன்ஜின் வேகும். அதை அண்ணியின் பால் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வைத்தாள்.

"அடிப்பாவி, நாளைக்கு அதுல நான் பால் காய்ச்சணும்!"

"இன்னைக்கு இது குடிச்சிட்டுப் போகட்டும் அண்ணி."

கொதித்ததும் வால்வு ஒழுங்காக வாயைத் திறந்தது. மறுபடி பூட்டினாள். ரேடியேட்டருக்குள் குழாயை விட்டுப் பார்த்தாள்; இந்தப் பக்கம் விட்ட தண்ணீர் அந்தப் பக்கம் தடையில்லாமல் ஓடியது. எல்லாம் சரியாக இருந்தது. வண்டிதான் சரியில்லை.

மதியம் தட்டின் முன் உட்கார்ந்து, கொதித்த இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். சிக்னல், மருத்துவமனை, பள்ளிக்கூடம். எல்லாம் நின்ற இடம். நீளச் சாலையில் ஒருநாளும் கொதித்ததில்லை. ஓடும்போது காற்று தானாக வருகிறது. நிற்கும்போது ஃபேன் அல்லவா காற்றைக் கொண்டுவர வேண்டும்?

"ஃபேனைப் பார்த்தியா?" என்றார் தையல்காரர்.

"அது நல்லாத்தான் ஓடுது. நான் மாட்டினது."

சொன்ன வாய் அப்படியே நின்றது. மழைக்காலத்தில் எலி கடித்துப்போட்ட ஃபேன் வயரை அவள்தான் மாற்றினாள். காலையிலிருந்து எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். தன் கை பட்டதை மட்டும் சந்தேகப்படவில்லை.

"ஒரு துணித் துண்டு குடுங்க."

தண்ணீரை மறுபடி நிரப்பி வண்டியைக் கிளப்பி, சூடேறி ஃபேன் சுழலும்வரை காத்திருந்தாள். துணியை ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்தாள். ஃபேன் காற்றை உள்ளே இழுத்தால் துணி ரேடியேட்டரோடு ஒட்ட வேண்டும். அதுவோ படபடவென்று அவள் முகத்தில் வந்து அடித்தது.

மாற்றிப்போட்ட வயர் இரண்டும் கறுப்பு. வீணாக்க மனமில்லாமல் அண்ணன் தன் பட்டறையிலிருந்து கொடுத்த மிச்சம். எது பிளஸ், எது மைனஸ் என்று அடையாளம் வைக்காமல் அவள் முறுக்கி டேப் சுற்றியிருந்தாள். ஃபேன் தலைகீழாகச் சுற்றி, இன்ஜின் சூட்டை ரேடியேட்டர்மேலேயே ஊதிக்கொண்டிருந்தது. சுற்றுகிறதா என்று எல்லாரும் பார்த்தார்கள். எந்தப் பக்கம் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

பேட்டரியைக் கழற்றிவிட்டு வயரை மாற்றி முறுக்கினாள். ஒன்றில் சிவப்புத் துணியைக் கட்டினாள். மறுபடி கிளப்பியதும் துணித் துண்டு ரேடியேட்டரில் அட்டைபோல ஒட்டிக்கொண்டது.

"அண்ணா, வந்து ஏறு!"

பள்ளிக்கூடம் விடும் நேரம், கடைத்தெரு நெரிசலுக்குள் வேண்டுமென்றே வண்டியை விட்டாள். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு பஸ். அண்ணன் சூடு காட்டும் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முள் ஏறியது. ஃபேன் இரைந்தது. முள் பாதியில் நின்று, மெல்ல இறங்கியது.

"என்ன பண்ணினே?"

"வயரை நான்தான் மாத்தி மாட்டியிருந்தேன். ஃபேன் பின்பக்கமா சுத்திட்டிருந்தது."

"இத்தனை நாளா இன்ஜினுக்குத் தலை உலர்த்திட்டிருந்தியா!" அண்ணன் டாஷ்போர்டில் தட்டித் தட்டிச் சிரித்தான். "இதுக்கா என் இன்ஜினைச் சாகடிச்சே?"

"சாகடிச்சது நீ. நான் வயரைத்தான் கொன்னேன்."

அதற்குள் அவன் போன் அடித்தது. வண்டி வாங்குபவர் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார். லாரி இன்னும் அசையவில்லை. அண்ணன் மறுபடி ஒருமுறை முள்ளைப் பார்த்தான்.

"வண்டியைத் தங்கச்சி எடுத்துட்டுப் போயிட்டா. எப்ப வருவான்னு சொல்ல முடியாது. நீங்க கிளம்புங்க" என்றான், அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடியே.