பிளாஸ்ரிக்குக்குள் சுபாஸ்

நூலக, ஆவணக்காப்பு உதவியாளர் சான்றிதழ் வகுப்பில் யோசப்பினைத் தவிர மற்ற எல்லாரும் நேற்றுத்தான் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள். முதல் நாள் அவர் உள்ளே வர, மிஸ் வந்துவிட்டார் என்று எல்லாரும் எழும்பி நின்றார்கள்.

"இருங்கோ பிள்ளையள், நானும் படிக்கத்தான் வந்தனான்" என்று பின்வாங்கில் போய் இருந்தார். ஒரு கல்லூரி நூலகத்தில் கூட்டித் துடைக்கிறவர் அவர். இந்தச் சான்றிதழ் கிடைத்தால் தும்புத்தடியை வைத்துவிட்டுப் புத்தகத்தைத் தொடலாம்.

ஆவணம் பேணும் பாடத்துக்கு, வீட்டிலிருந்து பழைய பொருள் ஒன்று கொண்டுவரச் சொன்னார் விரிவுரையாளர் தர்ஷிகா. யோசப்பின் கொண்டுபோனது தன் மனிசன் சுபாஸின் படம்.

சுபாஸ் குருநகரிலிருந்து கடலுக்குப் போனவர். வள்ளம் மட்டும் திரும்பி வந்தது. அப்போது மகள் நிரோஜா வயிற்றில். பிள்ளை பிறந்ததும், தாயை உரித்து வைத்திருக்கிறது, தகப்பன் சாயல் ஒரு பொட்டும் இல்லை என்று சனம் வாய் கூசாமல் சொன்னது. கலியாணப் படங்கள் இடம்பெயர்வில் தொலைந்தன. அடையாள அட்டை அவரோடே போனது. மிஞ்சியது கோயில் பெருநாளில் எடுத்த இந்த ஒரு படம்தான்.

பிறகு ஒரு புயல் மழை. வீட்டுக்குள் முழங்கால் வெள்ளம். பிள்ளையை ஒரு கையிலும் படத்தை மறு கையிலும் தூக்கிக்கொண்டு ஓடினார். வெள்ளம் வடிந்து கடை திறந்த உடனேயே, நனைந்த படத்தைச் சீலைத் தலைப்பால் ஒற்றி, பிளாஸ்ரிக்குக்குள் வைத்து ஒட்டி லமினேற் பண்ணுவித்தார். தீப்பெட்டியென்றாலும் போனென்றாலும் பிளாஸ்ரிக்கில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போகிற சனத்துக்கு வேறென்ன தோன்றும்? "இஞ்சாருங்கோ, இனி ஒரு தண்ணியும் உங்களைத் தொடாது" என்று படத்தைப் பார்த்துச் சொல்லி அழுதார்.

அன்று வகுப்பில் தர்ஷிகா சொன்னார்: "நனைஞ்ச படத்தைக் காயவிடாமல் ஒருநாளும் மூடக்கூடாது. மூடினால் ஈரம் உள்ளுக்கை நிண்டு படத்தைத் தின்னும்."

யோசப்பினின் பென்சில் நின்றுவிட்டது. படத்தின் விளிம்பில் தொடங்கிய வெள்ளை, வருசா வருசம் ஏறி, நாடியையும் வாயையும் மூடி மூக்குவரை வந்திருந்தது. வெயில்தான் வெளிறப்பண்ணுகிறதென்று நினைத்து, அவர் அதை அலுமாரிக்குள் வேறு பூட்டி வைத்திருந்தார்.

"மிஸ், இதைக் கழட்டி எடுக்கேலாதே?"

தர்ஷிகா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அக்கா, உதைக் கழட்ட வெளிக்கிடாதேங்கோ. முகமும் சேர்ந்து உரிஞ்சு வந்திடும். இருக்கிறதை ஸ்கான் பண்ணி வைப்பம்."

"இல்லாததை?"

தர்ஷிகா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். உடம்பைக் கடல் எடுத்தது, முகத்தை நானல்லோ எடுத்துப்போட்டன் என்று யோசப்பின் வழி நெடுக அழுதுகொண்டே சைக்கிளை உருட்டினார்.

ஸ்கான் பண்ணிய படத்தை நிரோஜா போனில் பெரிதாக்கிப் பார்த்தாள். நெற்றி, கண், மூக்கு. அதற்குக் கீழே வெள்ளை.

"அம்மா, அப்பாவின்ரை வாய் எப்பிடி இருந்தது?"

யோசப்பின் கண்ணை மூடினார். குரல் வந்தது. மீன் வாடை வந்தது. போட்டிருந்த சேட்டின் நிறம்கூட வந்தது. வாய் மட்டும் வரவில்லை.

"உன்ரை வாய்தான், பிள்ளை. அப்பிடியே அச்சு."

நிரோஜா எழும்பிப் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். மெல்லச் சிரித்துப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு வடிவான சிரிப்பம்மா" என்றாள்.