ஒரு நேரத்துக்கு ஒரு வேலை

ஒரு சின்ன வெங்காயத்தை உரித்து, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, ஒட்டியிருக்கும் தோலைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் சபரிநாதன் அடுத்ததைக் கையில் எடுப்பார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் போச்சு. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பேசி முடித்த பிறகுதான் வெங்காயம். "ஒரு நேரத்துக்கு ஒரு வேலைதானுங்க. ரெண்டு சேர்ந்தா மண்டைக்குள்ள கம்ப்ரஷர் ஓடுதுங்க" என்பார். அரைக் கிலோ உரிக்க ஒரு மணி நேரம். ஆனாலும் மனைவி அறிவுச்செல்வி விசைத்தறி வேலை முடிந்து திரும்புவதற்குள் எப்படியோ குழம்பு கொதித்துவிடும்.

இதே மனிதர் பதினாறு வருஷம் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டில் எத்தனையோ வீடுகள் அந்த வண்டிகளை நம்பித்தான் இருக்கின்றன. தீபாவளிக்கும் தேருக்கும் மட்டும் வடக்கேயிருந்து ஊருக்கு வருவார். வந்துதான் என்ன, இரண்டு காதிலும் இரண்டு போன். மகள் இனியா எந்த வகுப்பு என்று பள்ளிக்கூட வாசலில் அவளிடமே கேட்டு, பிள்ளையை அழவைத்திருக்கிறார். நாளைக்கு எத்தனை அடி இறக்குவது என்பதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

போன வருஷம் சத்தீஸ்கரில் ரிக்கின் சங்கிலி அறுந்து துளைபோடும் இரும்பு ராடு தலையில் விழுந்தது. ஹெல்மெட் இருந்ததால் உயிர் மிஞ்சியது. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தவர் வேறு ஆள்.

வாசனை தெரிவதில்லை. பேர்கள் மறந்துபோகின்றன. முதல் சில மாசம் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. குக்கர் விசில் பொறுக்காது. ஒருநாள் கொதிக்கக் கொதிக்க ரசச் சட்டியைத் தூக்கிச் சுவரில் வீசிவிட்டார். மறுநாள் அவரே சுண்ணாம்பு வாங்கிவந்து அந்த இடத்தைப் பூசினார், அழுதுகொண்டே. குக்கர் அன்றைக்குப் பரண் ஏறியதுதான். மனசில் இருப்பதை மறைக்கவும் தெரிவதில்லை. உடம்பு எப்படியிருக்கிறது என்று பார்க்க வந்த பெரியம்மா முத்தாயம்மாளிடம், "போதுமுங்க பெரியம்மா, நீங்க பேசப் பேச எனக்குத் தல வலிக்குது. ஊட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டார். பெரியம்மா முறுக்கிக்கொண்டு பஸ் ஏறியதில் அறிவுச்செல்விக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

இனியாவிடம் எந்தத் தோழி பேசுவதில்லை, ஏன் பேசுவதில்லை என்பதெல்லாம் இப்போது அவருக்கு அத்துப்படி. சாயங்காலம் மனைவி வாசல்படி ஏறும்போது, "அம்மிணி, காலு நோவுதா?" என்று கேட்கிறார். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவளை அப்படி ஒருவரும் கேட்டதில்லை. தறிக்கூலியில் குடும்பம் இழுபறிதான். மலைக்கோயிலில் நின்று, "இவருக்கு முழுசாக் குணமாகணும்" என்று வேண்டப் போவாள். முழுசா என்கிற இடத்தில் நாக்கு நின்றுவிடும். குணமாகி, அந்தப் பழைய ஆள் திரும்பி வந்துவிட்டால்? ச்சீ, இப்படியும் ஒருத்தி நினைப்பாளா என்று தன்னையே திட்டிக்கொண்டு படி இறங்குவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ரிக் வண்டி ஓனர் அருணகிரி வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்ட நல்ல மனிதர். அறிவுச்செல்வி இருவருக்கும் டீ கொடுத்தாள்.

"புது வண்டி எறக்கியிருக்கறனப்பா, சபரி. நீ வந்து லீவரைப் புடிச்சு நின்னாப் போதும். புதங்கெழம கெளம்பலாமா?"

சபரிநாதன் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தார். அருணகிரி அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, கை நடுக்கமெல்லாம் நின்னுபோச்சல்ல?"

நின்று மூன்று மாசம் ஆகிறது.

"இல்லீங்க" என்றாள் அறிவுச்செல்வி. "இன்னும் நடுங்குதுங்க."

கஷ்டத்தில் கைகொடுத்தவரிடம் முகத்துக்கு நேரே பொய். அவளுக்குக் காது மடல் சுட்டது. இந்த மனுஷன் இப்போது வாயைத் திறந்தால் மானம் போய்விடுமே என்று புருஷனைப் பார்த்தாள்.

அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முன்னால் இருந்த டீ டம்ளரை எடுத்தார். உதட்டுக்குப் போகிற பாதி வழியில் கை கிடுகிடுவென்று ஆடி, டீ வேட்டியெல்லாம் சிந்தியது.