கப்பல் ஏறும் படிப்பு

எம்.பி.ஏ.வுக்கு எனக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று கோயம்புத்தூரில் இருந்த பழைய கல்லூரி. ஒழுங்காகப் பாடம் நடத்துவார்கள், தேர்வில் கறாராக இருப்பார்கள். அங்கே படித்தவர்கள் திருப்பூரிலும் சென்னையிலும் கௌரவமான வேலையில் இருந்தார்கள். இன்னொன்று நேற்று முளைத்தது. அதன் விளம்பரத்தில் விமானம் பறந்தது. கடைசி செமஸ்டர் துபாயில், வேலையும் அங்கேயே என்றார்கள்.

எனக்குக் கோவை பிடித்திருந்தது. அப்பாவுக்கு விமானம்.

மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் செம்மநத்தத்தில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. பழம் பறித்துத் தோலுரித்துக் காயவைத்தால், பருமனான கொட்டையை எல்லாம் வியாபாரி வாரிக்கொண்டு போய்விடுவார். அது வெளிநாட்டுக்கு. உடைந்ததும் கறுத்ததும் பூச்சி தின்றதும் எங்கள் அடுப்புக்கு. காப்பி விளைகிற வீட்டில் பிறந்தும் நல்ல காப்பி குடித்து வளர்ந்தவள் இல்லை நான். காலமெல்லாம் இதையே பார்த்த அப்பா, மனிதர்களுக்கும் அதே கணக்கைப் போட்டார்.

"நல்லதெல்லாம் எங்க போவுது கண்ணு? கப்பலேறிப் போயிருது. கழிசல்தான் இங்க கெடக்குது. நீ என்ன கழிசலா?"

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கோவை என்ற பேச்சே எழவில்லை.

துபாய் பொய் இல்லை. வேலையும் பொய் இல்லை. பெரிய மால் ஒன்றில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரிடம் காகிதத் துண்டில் சென்ட் தெளித்து நீட்ட வேண்டும். முகர்ந்துவிட்டுக் கீழே போடுவார்கள். பொறுக்குவதும் நான்தான். இதற்கு எதற்கு எம்.பி.ஏ. என்று கேட்கக்கூட அங்கே ஆள் கிடையாது. விசா முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கல்லூரிக்குப் போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை.

"லீவுல வந்திருக்குது" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்தார். அந்த லீவு மாதக்கணக்கில் நீண்டது. சந்தைக்குப் போகாதே, பஸ் ஸ்டாண்டில் நிற்காதே என்றார். ஊர் ஒன்றும் காதில் பூ வைத்துக்கொண்டு இருக்கவில்லை. ஆனாலும் முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை. அப்பா மேல் இருந்த ஆத்திரத்தில் அவர் முகம் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டேன்.

அப்போதுதான் பக்கத்து ஊரான கொட்டச்சேட்டிலிருந்து அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பி.காம். முடித்த பெண். எங்கே சேர்க்கலாம் என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

"ஏனுங்க, உங்க புள்ள படிச்ச காலேஜு நல்ல காலேஜுங்களா?"

"நொம்ப நல்ல காலேஜுங்க. இது இப்ப லீவுல வந்திருக்குது. அடுத்த மாசம் போயிரும்" என்றார் அப்பா.

உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்து அந்தப் பெண்ணிடமே சொன்னேன்.

"அங்க சேராத கண்ணு. வேலைன்னு சொல்லி சென்ட் விக்க விடுவாங்க. நான் திரும்பிப் போகப்போறதில்ல. எனக்கு அங்க வேலையே கெடையாது."

அந்தப் பெண் திகைத்துப்போய்த் தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் என் அப்பாவைப் பார்த்தார். என் அப்பா சிரித்தார்.

"வெளையாட்டுக்குச் சொல்லுதுங்க. அங்க இருந்துட்டு வந்ததுல இருந்து இப்படித்தான் கிண்டல்."

வந்தவரும் சிரித்தார். நிம்மதியான சிரிப்பு. இன்னொரு பெண் தன்னைவிட மேலே போய்விடுவாளோ என்ற பொறாமை எல்லோருக்கும் இருக்கும்தானே என்பதுபோல் என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு பெரிய மனிதர்கள் சேர்ந்து சிரித்துவிட்டால் அதற்கு மேல் நான் சொன்னது எங்கே எடுபடும்!

அந்தப் பெண் அங்கேயேதான் சேர்ந்தாள். பணம் கட்டிவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு லட்டோடு வந்தார்கள். என்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, நான் துபாய் வந்தா உங்க ரூம்லயே தங்கிக்கட்டுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பதில் சொன்னார்.

"அதுக்கென்ன சாமி, தாராளமாத் தங்கிக்க."