செஞ்சியில் தேடிய ஆறாம் வகுப்பு

காலை 8.40. திண்டிவனத்திலிருந்து இருபத்தெட்டு கிலோமீட்டர். செஞ்சிப் பேருந்து நிலையத்தில் இறங்கி கோட்டை இருக்கும் ராஜகிரி மலையை அண்ணாந்து பார்த்ததுமே என் முழங்கால்கள் இரண்டும் கெஞ்சத் தொடங்கின. கோட்டை வாசலுக்கு ஆட்டோ நூறு ரூபாய் என்றார் ஓட்டுநர் ஏழுமலை. பின்னிருக்கையில் அவர் மகள் கவிதா உட்கார்ந்திருந்தாள்.

"சார், ஸ்கூலாண்ட பத்து நிமிசம் நிறுத்திக்கட்டுமா? பொண்ணு டாக்டர் சீட்டுக்கு சர்டிபிகேட் வாங்கணும். நாளைக்குக் கடைசி."

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏழரை விழுக்காடு இடம் உண்டு. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். ஓராண்டு குறைந்தாலும் போச்சு.

9.05. குடிக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டு நானும் தலைமையாசிரியர் அறைக்குள் போனேன். ஏழுமலை கைகட்டி நின்றார்.

"இவ ஆறாவதும் இங்கதான் படிச்சான்னு எழுதிடுங்க மேடம்."

"ஏழாவதுலதானே இங்க சேத்தீங்க?" என்றார் தலைமையாசிரியர் அம்மையார்.

ஏழுமலைக்கு முகம் செத்துவிட்டது. "அந்த வருசம் செங்குன்றம் பக்கம் செங்கல் சூளைல கல்லு அறுத்துக்கினு இருந்தோம் மேடம். அங்க ஏது ஸ்கூலு? தார்ப்பாய்க் கொட்டாயில ஒரு டீச்சரம்மா புள்ளைங்கள பாத்துக்கினாங்க."

"பொய் எழுதச் சொல்லாத நைனா. சீட்டே வாணாம்" என்றாள் கவிதா. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

தலைமையாசிரியர் கணினியில் ஓர் எண்ணைத் தட்டினார். பள்ளியில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் உண்டாம். எந்த ஊருக்குப் போனாலும் அதுவும் கூடவே போகுமாம். திரையில் ஆறாம் வகுப்புக்கு நேரே திருவள்ளூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றின் பெயர் இருந்தது. சூளைக் கொட்டகைப் பிள்ளைகளை அந்தப் பள்ளியின் கணக்கில்தான் சேர்த்திருக்கிறார்கள். அங்கே தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொண்டு, "கவர்மெண்ட் ஸ்கூல்தான்பா அது" என்று கையெழுத்துப் போட்டார்.

சர்க்காரைத் திட்டாமல் எனக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. அந்தச் சர்க்கார்தான் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளையைத் தவறவிடாமல் வைத்திருந்திருக்கிறது.

9.40. கோட்டை வாசல். நுழைவுச் சீட்டு இருபத்தைந்து ரூபாய். ஏழுமலை வண்டியைக் கிளப்பாமல் நின்றார்.

"அந்த டீச்சரம்மா மொத நாளு வந்தப்ப, ஓனர் திட்டுவான்னு வெரட்டி வுட்டேன் சார். மறுநாளும் வந்தாங்க. மூணாம் நாளும் வந்தாங்க. தொல்ல தாங்காமத்தான் இவள அனுப்புனேன். அவங்க பேருகூட இன்னான்னு கேக்கல."

அன்று ராஜகிரி உச்சி வரை ஏறினேன். பிரமிப்பாகத்தான் இருந்தது. ஆனால் செஞ்சியில் என்ன விசேஷம் என்று ஊரில் யாராவது கேட்டால், நான் பார்த்தேயிராத அந்த டீச்சரைப் பற்றித்தான் சொல்கிறேன்.