துண்டு பிடித்தவர்

என் வீட்டு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு நானூற்றுப் பதினைந்து எட்டு வைக்க வேண்டும். இருநூற்று அறுபதாவது எட்டில் ஓர் அருவி இருக்கிறது. நார்வேயின் மேற்குக் கரையில், பெர்கன் நகரத்தின் விளிம்பில், சாலையை ஒட்டியே இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுகிறது. ஏழு வருடங்களாக வேலைக்குப் போகும்போதெல்லாம் அதைக் கடக்கிறேன். மழைக்கோட்டு அணிந்தவர்கள் அதன் முன்னால் நிற்பார்கள், படம் எடுப்பார்கள், “ஃபின் ஃபோஸ்” என்பார்கள். அழகான அருவி என்று பொருள். பிறகு போய்விடுவார்கள். ஒருவர்கூடக் குளித்ததில்லை. கல்யாண வீட்டுக்கு வந்து பந்தியில் உட்காராமல் திரும்புகிறவர்களைப் பார்ப்பது போல, தென்காசிக்காரியான எனக்கு அது இன்றும் மனசுக்கு ஒப்பவில்லை.

ஒருவர்கூட என்று எழுதியது பிழை. ஒருவர் குளித்திருக்கிறார். என் அத்தான்.

முத்தையா அத்தான் என் அக்காவின் கணவர். மேலகரத்தில் வீடு, நில அளவைத் துறையில் வேலை. எங்கள் அப்பா இறந்த மறு வருடம் அவர் அக்காவைக் கட்டினார். எனக்கு அப்போது பதினான்கு வயது. மருமகனாக வந்தவர் அக்காவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்துக் குடும்பத் தலைவராகிவிட்டார். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. பகலெல்லாம் வயல் வரப்புகளில் சங்கிலி பிடித்து அளந்துவிட்டு வருகிறவர், சாயங்காலமும் வீட்டில் தங்கமாட்டார். “கூரைக்குக் கீழ இருந்தா மூச்சு முட்டுது” என்று குளக்கரைக்குக் கிளம்புவார். வெளியே சுற்றுகிற ஆண்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. அவர்கள் தனியாகவோ நண்பர்களோடோ போவார்கள். அத்தானுக்குக் குடும்பம் கூட வர வேண்டும். யாராவது ஒருவராவது செருப்பை மாட்டும்வரை வாசலில் நின்று பொறுமையாகக் காத்திருப்பார்.

ஜூன் மாதம் சீசன் தொடங்கினால் விடிந்ததும் மாடிக்குப் போய் மலையைப் பார்ப்பார். மேகம் படிந்திருக்கும் விதத்தை வைத்தே சொல்லிவிடுவார். “தண்ணி விழுது. கெளம்புங்க.” அரை மணி நேரத்தில் நாங்கள் குற்றாலத்தில் இருப்போம். பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம் என்று அருவி பிரிந்திருக்கும். நாங்கள் குளித்து முடிக்கும்வரை அவர் குளிக்கமாட்டார். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம், உலர்ந்த துணிகள் வைத்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தோளில் ஆளுக்கொரு துண்டைப் போட்டபடி நிற்பார். உதடு நீலம் பாரித்து வெளியே வருகிறவளுக்கு அவளவள் துண்டு சரியாகக் கைக்கு வரும். கடைசி ஆள் தலை துவட்டிய பிறகுதான் அவர் சட்டையைக் கழற்றுவார். சில நாள் அதற்குள் தண்ணீர் கூடிவிடும். காவலர்கள் விசில் ஊதி எல்லோரையும் விரட்டுவார்கள். அத்தான் குளிக்காமலே திரும்பிய நாட்கள் என் பழைய நாட்குறிப்புகளில் ஒன்பது இருக்கின்றன. “அதனால என்ன? நீங்க குளிச்சதப் பாத்தேம்லா” என்பார். நான் அதைச் சமாதானப் பேச்சு என்று நினைத்திருந்தேன். நானும் ஒருவருக்குத் துண்டு பிடித்த அன்றுதான் அது உண்மை என்று தெரிந்தது.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஜூனில் அவரும் அக்காவும் இங்கே வந்தார்கள். முதல் நாளே அருவியைப் பார்த்துவிட்டார். மறுநாள் காலை ஏழே காலுக்கு வேட்டியை மடித்துக் கட்டி, உடம்பெல்லாம் நல்லெண்ணெய் மினுங்க வாசலில் நின்றார். “அத்தான், அது பனி உருகுன தண்ணி” என்றேன். “மேல இருந்துதானே விழுது? பொறவு என்ன” என்றார். சாலையோரத்தில் எண்ணெய் வழிய ஒரு மனிதர் பாறையில் ஏறுவதைக் கண்டு, நாயோடு வந்த ஒரு நார்வேப் பெண்மணி நின்றார். “கோர் டே ப்ரா?” என்றார் என்னிடம். எல்லாம் நலமா என்று கேட்கிறார். ஆம்புலன்ஸை அழைக்கக் கைபேசியையும் எடுத்துவிட்டார். எனக்கிருந்த நார்வேஜியத்தில், இது எங்கள் வழக்கம், எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது என்றேன். அவர் முகம் மாறியது. கைபேசியை உள்ளே வைத்தார். ஏதோ மதச் சடங்கு என்று எண்ணிக்கொண்டு தொப்பியைக் கழற்றி, தலை குனிந்து அசையாமல் நின்றார். நாயும் உட்கார்ந்துவிட்டது.

அத்தான் உள்ளே போனார். ஓர் அலறல். கடிகாரத்தைப் பார்த்தேன்: பதினொரு நொடி. வெளியே பாய்ந்து வந்தவர், “இது தண்ணியாட்டி? ஊசில்லா குத்துது!” என்றார். அக்கா சாலையோரக் கல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். “குளிச்சே ஆவணும்னு நேந்துக்கிட்டா வந்தீக?” நான் துண்டை விரித்து அவர் தோளில் போட்டேன். பற்கள் தந்தியடிக்க அவர் அந்தப் பெண்மணியைப் பார்த்தார். “அந்தம்மா ஏன் தொப்பியக் கழட்டிட்டு நிக்கா? எனக்கு ஒண்ணும் ஆவலன்னு சொல்லுட்டி.” பிறகு துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “வெளிய வந்ததும் துண்டு கையில கெடச்சா நல்லாத்தான் இருக்கு.” அன்றைய குறிப்பில் வேறெதுவும் எழுதவில்லை. ஊருக்குப் போகும்போது அந்தத் துண்டை, அடுத்த தடவைக்கு ஆகும் என்று இங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த தடவை வரவில்லை. இந்தப் பிப்ரவரியில் குளக்கரையில் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் போய்ச் சேர மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் அக்கா மேற்குப் பக்க ஜன்னலைச் சாத்தித் தாழிட்டிருந்தாள். “மலையப் பாத்தா அவுக எறங்கி வர்ற மாதிரியே இருக்குட்டி” என்றாள். நான் திரும்பி வந்த பிறகும் அது திறக்கப்படவில்லை. மாடிக்குத் துணி காயப்போடக்கூட அவள் ஏறுவதில்லை. ஜூனில் அவள் மகன் அழைத்தான். “சித்தி, அம்மா வாசப்படி தாண்டி நாலு மாசம் ஆச்சு. காலு வீங்கிக் கெடக்கு. சாப்பாடும் எறங்கல. நீங்க சொன்னாத்தான் கேப்பா.”

நான் பெர்கன் வந்த பிறகும் ஒவ்வொரு சீசனிலும் முதல் அழைப்பு எனக்கு அத்தானிடமிருந்துதான் வரும். “தண்ணி விழுதுட்டி. ஒனக்கு வர முடியாதுன்னு தெரியும். சொல்லாம இருக்க மனசு கேக்கல.” ஆறு வருடம், ஆறு குறிப்புகள். இந்த வருடம் அந்த இடம் காலியாக இருந்தது. அக்காவை மூன்று முறை அழைத்தேன். முதல் முறை அம்மாவின் ரத்த அழுத்தத்தைப் பற்றியே பேசி முடித்தாள். இரண்டாம் முறை, “வருசம் திரும்பாம அருவிக்கு ஆடப் போயிட்டாளேன்னு ஊரு பேசும்” என்றாள். மூன்றாம் முறை எடுக்கவே இல்லை.

நான்காவது முறை வீட்டிலிருந்து அழைக்கவில்லை. அத்தானின் துண்டை எடுத்துக்கொண்டு அருவிக்குப் போய், கைபேசியைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டினேன். “அக்கா, தண்ணி விழுது.”

அவள் கேட்டாள்: “அங்கன யாருட்டி துண்டு பிடிக்கா?”

“யாருமில்ல.”

“அப்ப எறங்கிராத. வெறச்சிருவ. அவுக பதினோரு நொடி பட்டது பத்தாதா?” அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு, “இரு” என்றாள். தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. “மலையே தெரியல. ஒரே சாரலா கெடக்கு.”

அது வியாழக்கிழமை. சனிக்கிழமைகளிலும் எனக்கு வேலை உண்டு. அந்தச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நிறுத்தத்தில் நின்றேன், நல்ல மழை. கைபேசி ஒலித்தது. ஊரில் அப்போது பத்தரை. எடுத்ததும் இரைச்சல், அதற்கு மேலே அக்காவின் கத்தல். “பிள்ளைங்கல்லாம் குளிக்காவ! நான் துணிப்பையோட நிக்கேன்!” சற்று நேரத்தில் அவள் மருமகளின் குரல் கேட்டது. “துண்ட தாங்க, அத்தே. யப்பா, என்னா குளிரு! இனி நீங்க போங்க, பைய நான் பாக்கேன்.” அக்கா தயங்கினாள். பிறகு என்னிடம், “ஏட்டி, வச்சிராத. போனைப் பைக்குள்ள போடுதேன். நான் வார வரைக்கும் நீயும் பாத்துக்கோ” என்றாள்.

இரைச்சல் சட்டென்று மங்கியது. துணிகளுக்குள் போய்விட்டேன். பேருந்து வந்து கதவைத் திறந்தது. நான் ஏறாததைக் கண்ட ஓட்டுநர் புருவத்தை உயர்த்தினார். தலையசைத்தேன். போய்விட்டது. வேலைக்குத் தாமதம் பன்னிரண்டு நிமிடம் என்று பிறகு குறித்துக்கொண்டேன். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அக்காவின் உலர்ந்த சேலைக்கும் துண்டுக்கும் நடுவில் நான் காத்திருந்தேன். இங்கே என் தோளில் மழை விழுந்துகொண்டிருந்தது.