டிவிக்கு வைத்த சந்தனம்

படம் முழுக்கக் கோடு கோடாக ஓடியதால் டிவியைச் சுவரிலிருந்து இறக்கிப் பின்மூடியைக் கழற்றினேன். புளித்த சந்தன வாடை குப்பென்று அடித்தது.

சின்ன வயதில், வண்டியூர் வீட்டில் அப்பா வெள்ளிக்கிழமைதோறும் பழைய பெட்டி டிவிக்குச் சந்தனம் குழைத்துப் பூசுவார். அந்த ஈரத்தைத் தேடி டிவிக்குள்ளிருந்து கரப்பான்கள் வரும். ஒருநாள் என் மோர்ச்சோற்றிலேயே ஒன்று விழுந்தது. அப்பா அதை விரலால் சுண்டிவிட்டு, "சாப்பிடுடா" என்றார்.

இப்போது என்னோடு இருக்கும் அப்பா இந்த டிவியின் தலையிலும் அப்பிய சந்தனம்தான் உள்ளே வழிந்து, போர்டில் பச்சையாகப் பூத்திருந்தது. சுரண்டித் துடைத்து மாட்டினேன். படம் தெளிந்தது.

"எம்புட்டு அழுக்கு, பாத்தீங்களாப்பா!"

"அதான் சரியாயிருச்சுல்ல" என்று சந்தனக் கிண்ணத்தோடு வந்தார் அப்பா. "நகருடா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை."